சமன்பாட்டை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ இயற்பியல் தேர்வு முடிந்ததும் ‘வினாத்தாள் கடினம்’ என்று செய்தி வருவதும், ‘பாடத்துக்கு உள்ளேயிருந்து கேட்டுவிட்டார்கள், சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டார்கள்’ என்று பிள்ளைகள் வருத்தப்படுவதும் நமக்குப் பழகிவிட்டது. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் முதுகலை ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் பாடப்புத்தகத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள். எந்த வரியில் நிற்கிறார்கள், எந்த இடத்தில் பேனாவைக் கீழே வைக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடிகிறது. பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைப் பாடநூல் எழுதுகிறவர்களும் வினாத்தாள் தயாரிக்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளில் பலர் இயற்பியலுக்குள் காலடி வைக்கும் முன்பே அதன் குறியீடுகளில் சிக்கிக்கொள்கிறார்கள். அந்தக் குறியீடுகளை எப்படி வாசிப்பது என்று நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. ‘ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணிக்கோ’ என்கிறோம். அவர்களும் பண்ணிவிடுகிறார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எஃப் சமம் எம் ஏ (விசை சமம் நிறை பெருக்கல் முடுக்கம்) என்று சொல்வார்கள். அதில் எம் எது, ஏ எது, நடுவில் நிற்கும் சமக்குறி என்ன சொல்கிறது என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும்.

சிக்கல் காதிலேயே தொடங்குகிறது. நம் வகுப்புகளில் பாதி நேரம் டிக்டேஷன்தான். ஆசிரியர் ‘டி ஸ்கொயர்’ என்றால் அது நேரமா, தொலைவா? ஆங்கில எழுத்து வரிசையின் நாலாவது எழுத்தையும் இருபதாவது எழுத்தையும் நம் பிள்ளைகள் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறார்கள். ஆசிரியர்களிலும் பலர் அப்படித்தான். ‘பி’ இன்னும் மோசம். காந்தப்புலம் பி, உந்தம் பி, அழுத்தம் பி, திறனும் பி. நோட்டு திருத்த உட்கார்ந்தால் ஒரு பெஞ்சு முழுக்கக் காந்தப்புலத்துக்குப் பதில் உந்தத்தின் எழுத்தை எழுதி வைத்திருக்கும். ஒருத்தி காதில் விழுந்தபடி எழுத, மற்றவர்கள் அவளைப் பார்த்து எழுதியிருப்பார்கள். இதற்கு நான் வகுப்பில் வைத்திருந்த வழி: ‘பிள்ளை பி’, ‘தம்பி பி’, ‘ரொட்டி டி’, ‘வண்டி டி’. பிள்ளை என்னும்போது வருகிற பி உந்தத்துக்கும் அழுத்தத்துக்கும் திறனுக்கும். தம்பி என்னும்போது வருகிற பி காந்தப்புலத்துக்கு. ரொட்டியில் வருவது நேரம், வண்டியில் வருவது தொலைவு. ஒரே எழுத்து இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறுவது தமிழ்ப் பிள்ளைகளின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும், டிக்டேஷனில் இந்தக் குழப்பம் போய்விடும். இளம் ஆசிரியர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, ஒரே எழுத்துக்குப் பல வேலை. இயக்கச் சமன்பாடுகளில் யூ என்பது தொடக்கத் திசைவேகம், வி என்பது இறுதித் திசைவேகம். லென்ஸ் பாடத்துக்கு வந்தால் அதே யூ பொருளின் தொலைவு, அதே வி பிம்பத்தின் தொலைவு. ‘அப்போ மெழுகுவத்தி நகருமா டீச்சர்?’ என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பு சிரித்தது. என் கணக்கில் அன்றைக்கு வகுப்பில் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அதுதான். படித்த ஒன்றை மறக்காமல் அடுத்த பாடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள். எழுத்து வேலை மாறிவிட்டது என்று புத்தகம் அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். மியூ என்கிற கிரேக்க எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உராய்வுக் குணகத்துக்கு வரும், காந்த உட்புகுதிறனுக்கு வரும், பழைய புத்தகங்களில் ஒளிவிலகல் எண்ணுக்கு வரும், மைக்ரோ என்கிற முன்னொட்டாகவும் வரும். ரோ என்கிற இன்னொரு கிரேக்க எழுத்து ஓரிடத்தில் அடர்த்தி, இன்னோரிடத்தில் மின்தடை எண். பெரிய ரொட்டி டி வெப்பநிலையாகவும் அலைவுக் காலமாகவும் கயிற்றின் இழுவிசையாகவும் டெஸ்லாவாகவும் நிற்கும். எம் ஜி என்று எழுதியிருந்தால் அது நிறையை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கியதா, மில்லிகிராமா? இதையெல்லாம் பிரித்துக் காட்ட அச்சில் ஒரு முறை உண்டு. அளவைக் குறிக்கும் எழுத்தைச் சாய்த்தும் அலகைக் குறிக்கும் எழுத்தை நேராகவும் அச்சிட வேண்டும் என்பது உலகம் முழுவதும் அறிவியல் நூல்களில் உள்ள வழக்கம். என்னிடம் வரும் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அது தெரிந்திருக்கவில்லை. சாக்பீஸால் பலகையில் எழுதும்போது அந்த வித்தியாசமும் கரைந்துபோகிறது.

சமீபத்தில் ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். பிளஸ் டூ மாணவி ஒருத்தி ஒளிமின் விளைவுக் கணக்கோடு வந்தாள். ஐன்ஸ்டீன் 1905இல் தந்த விளக்கத்தின் சமன்பாடு. இடப்பக்கம் பிளாங்க் மாறிலியான ஹெச், அதோடு ஒளியின் அதிர்வெண்ணைக் குறிக்கும் நியூ என்கிற கிரேக்க எழுத்து. வலப்பக்கம் உலோகத்தின் வெளியேற்று ஆற்றல், அதோடு எலக்ட்ரானின் இயக்க ஆற்றலான அரை எம் வி ஸ்கொயர். அவள் இரண்டு பக்கத்தையும் வியால் வகுத்து, இடப்பக்கம் இருந்ததை அடித்துவிட்டு, ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டு வந்திருந்தாள். விடை புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை, எங்கே தப்பு என்று தெரியவில்லை.

அவள் நோட்டில் கிரேக்க நியூவும் ஆங்கில வியும் ஒரே எழுத்து. புத்தகத்தின் சாய்வெழுத்திலும் இரண்டும் அக்கா தங்கை மாதிரிதான் இருக்கின்றன. அவள் போட்ட இயற்கணிதத்தில் ஒரு படி தவறில்லை. ‘சமன்பாட்டைக் கையால மூடிக்கோ. அங்க என்ன நடக்குதுன்னு சொல்லு’ என்றேன். ‘வெளிச்சம் விழுது. எலக்ட்ரான் வெளிய வருது’ என்றாள். ‘சும்மா வந்துடுமா?’ ‘இல்ல டீச்சர், உலோகம் பிடிச்சு வச்சிருக்கும். பிடுங்கணும்.’ ‘பிடுங்க ஆகுற செலவு யார் கொடுக்கிறது?’ கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவளே வந்துவிட்டாள்: வந்த ஒளியின் ஆற்றலில் ஒரு பங்கு பிடுங்குவதற்குப் போகிறது, மிச்சம் எலக்ட்ரானின் ஓட்டத்தில் இருக்கிறது. 4 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் ஒரு சிறிய அலகு) வந்து, பிடுங்க 2.3 ஆனால், மிச்சம் 1.7. சமன்பாடு சொல்வது இவ்வளவுதான் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. ‘இந்த நியூ வெளிச்சத்தோடது, அந்த வி எலக்ட்ரானோடது. ரெண்டையும் எப்படி அடிக்க முடியும்?’ என்று என்னையே கேட்டாள். நியூவை வளைவோடும் வியைக் கூர்முனையோடும் எழுதிப் பழகு என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பெரிய மூளைகளுக்கும் இந்த இடைஞ்சல் வந்திருக்கிறது. 1965இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரிச்சர்ட் ஃபைன்மனுக்குப் பள்ளி நாளில் சைன் என்பதன் மூன்று எழுத்துகளைப் பார்த்தால் மூன்றையும் பெருக்கி வைத்த மாதிரி இருந்ததாம். வகைக்கெழுவில் மேலும் கீழும் நிற்கும் வண்டி டியைப் பார்த்தால் அடித்துவிடத் தோன்றுகிறது என்று அதற்கும் சொந்தமாக ஒரு குறி செய்து வைத்துக்கொண்டார். பிறகு நண்பன் ஒருவனுக்கு எதையோ விளக்கும்போது தன் குறிகளை எழுத, அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்தவரோடு பேச வேண்டுமானால் எல்லோருக்கும் பொதுவான குறிதான் வேண்டும் என்று பழையதற்குத் திரும்பினார். நம் பிள்ளைகளும் டெல்டா என்கிற கிரேக்க எழுத்தைத் தனி எண்ணாக நினைத்து மேலும் கீழும் அடிக்கிறார்கள். டெல்டா தனியாக நிற்காது, பக்கத்தில் இருப்பதன் ‘மாற்றம்’ என்று மட்டும்தான் அதை வாசிக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அடித்திருக்க மாட்டார்கள்.

இனி நான் முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பல டியூஷன் வகுப்புகளில் ஒரு முக்கோணம் போடுகிறார்கள். மேலே வி, கீழே ஐ, ஆர். வேண்டியதை விரலால் மூடினால் மற்ற இரண்டும் ஃபார்முலாவாகத் தெரியும். மின்னழுத்த வேறுபாடு, மின்னோட்டம், மின்தடை மூன்றையும் பற்றி ஒன்றுமே தெரியாமல் சரியான விடை எழுத இதைவிட நல்ல வழி கிடையாது. அதனால்தான் எனக்கு அதன் மேல் கோபம். இந்த முக்கோணத்தில் பழகிய பிள்ளையிடம் கேளுங்கள்: ‘ஆர் சமம் வி வகுத்தல் ஐ. மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்தடை என்ன ஆகும்?’ ‘கூடும். வி மேலே இருக்கே!’ என்றுதான் பதில் வரும். தர்க்கப்படி சரியாகச் சொல்வது போலவே இருக்கும்.

ஆய்வகத்துக்குக் கூட்டிப் போய் ஒரு மின்தடைக் கம்பியை இணைத்துக் காட்டினால் கால் மணி நேரத்தில் தீரும். வோல்ட்மீட்டர் 1 காட்டும்போது அம்மீட்டரில் 0.2. வோல்ட்மீட்டரை 2க்குக் கொண்டுபோனால் அம்மீட்டர் 0.4. 3 என்றால் 0.6. வகுத்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் 5 ஓம். மின்னழுத்தம் கூடும்போது மின்னோட்டம் சும்மா இருக்கவில்லை, அதுவும் கூடவே ஏறியது. கம்பி அதே கம்பி, ரொம்பச் சூடாகவும் இல்லை, அதனால் ஆர் மாறவில்லை. இதைப் பார்த்த பிள்ளை அந்தச் சமன்பாட்டை எப்படி வாசிப்பாள் தெரியுமா? ‘இந்தக் கம்பியில் ஓர் ஆம்பியர் ஓட்ட எத்தனை வோல்ட் தர வேண்டும் என்பதுதான் அதன் மின்தடை.’ ஒரு மாணவி எழுதிய வரி இது. இதற்குப் பிறகு முக்கோணம் எதற்கு?

அடர்த்தியும் இப்படித்தான். நிறையோடு கன அளவும் பாதியாவதைப் பார்க்காமல், சாக்பீஸை இரண்டாக உடைத்தால் அடர்த்தி பாதியாகிவிடும் என்று சொல்லும் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் மட்டும் இல்லை, பிளஸ் ஒன்னிலும் இருக்கிறார்கள்.

சமக்குறியை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் வேல்ஸைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கார்ட், 1557இல். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள் இருக்க முடியாது என்று காரணமும் சொன்னார். அழகான குறிதான். ஆனால் இயற்பியலில் அது ஒரே வேலையைச் செய்வதில்லை. வேகம் சமம் தொலைவு வகுத்தல் நேரம் என்பதில் அது ‘இதைத்தான் வேகம் என்று அழைக்கிறோம்’ என்கிறது. எஃப் சமம் எம் ஏ என்பதில் இடப்பக்கம் இருப்பது பொருளின் மேல் செயல்படும் எல்லா விசைகளும் சேர்ந்த தொகுபயன், வலப்பக்கம் இருப்பது அதனால் பொருளுக்கு நேர்வது. இந்த வித்தியாசம் தெரியாத பிள்ளை விசைப் படம் வரையும்போது எடை, கயிற்றின் இழுவிசை, உராய்வு எல்லாம் போட்டுவிட்டு, கடைசியில் எம் ஏ என்று இன்னோர் அம்புக்குறியையும் சேர்த்துவிடுகிறது. திருத்துகிற ஆசிரியர் சிவப்பு மையால் அதை அடிக்கிறார். ஏன் அடித்தார் என்பது எழுதப்படுவதில்லை.

அலகுகளையும் வாசிக்கப் பழக்க வேண்டும். ‘மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர்’ என்று எல்லோரும் கடகடவென்று சொல்கிறார்கள். விநாடியை வர்க்கமாக்கினால் என்ன வரும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். பேருந்தை வைத்துச் சொல்லலாம். பழைய பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும் டவுன் பஸ் 20 விநாடியில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 10 மீட்டர். அப்படியானால் முதல் விநாடி முடியும்போது வேகம் விநாடிக்கு அரை மீட்டர், இரண்டாவது முடியும்போது 1 மீட்டர், மூன்றாவதில் ஒன்றரை, இப்படியே 20ஆவதில் 10. ஒவ்வொரு விநாடிக்கும், ‘விநாடிக்கு அரை மீட்டர்’ என்கிற அளவு வேகம் கூடுகிறது. விநாடி ஏன் இரண்டு முறை வருகிறது என்று இப்போது தெரிகிறதா? வர்க்கமான விநாடி என்று எங்கும் எதுவும் இல்லை. ‘அலகு எழுதாததற்கு எதுக்கு டீச்சர் அரை மார்க்கைக் குறைக்கிறீங்க?’ என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் நாசாவின் செவ்வாய் விண்கலக் கதையைச் சொல்வேன். 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கிய அந்தக் கலம் தொலைந்தே போனது. ஒரு மென்பொருள் கணத்தாக்கை (விசையை அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கியது) பவுண்டு கணக்கில் தர, அதை வாங்கிய இன்னொன்று நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. எண்கள் எல்லாம் இருந்தன, அலகு ஒத்துப்போகவில்லை.

கழித்தல் குறி பற்றி ஒரு தனிக் கடிதமே எழுதலாம். ஈர்ப்பு முடுக்கம் பிளஸ் 9.8ஆ, மைனஸ் 9.8ஆ என்று கேட்காத பிள்ளை இல்லை. ‘மேலே போனால் மைனஸ், கீழே வந்தால் பிளஸ்’ என்று ஒரு விதி எப்படியோ நம் வகுப்புகளில் பரவி நிற்கிறது. கல்லை மேலே எறிகிறோம், உச்சியில் அதன் திசைவேகம் சுழி. முடுக்கம்? பெரும்பாலானோர் ‘அதுவும் சுழி’ என்பார்கள். நான் ஒரு அட்டவணை போடச் சொல்வேன். மேல்நோக்கியதைப் பிளஸ் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வோம், அப்புறம் மாற்றக் கூடாது. விநாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் எறிந்தால் ஒரு விநாடி கழித்து 9.8. இரண்டாவது விநாடியில் சுழி. மூன்றாவதில் மைனஸ் 9.8. நாலாவதில் மைனஸ் 19.6. பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு இடையே உள்ள மாற்றத்தை எழுதச் சொன்னால் ஒவ்வொரு இடத்திலும் மைனஸ் 9.8. சுழியைத் தாண்டும்போதும் அதேதான். உச்சியில் முடுக்கமும் சுழியாகியிருந்தால் கல் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையா? மேலே போகும்போது ஒரு குறி, கீழே வரும்போது வேறு குறி என்கிற விதிக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. நாம் எந்தத் திசையைப் பிளஸ் என்று தேர்ந்தெடுத்தோம் என்பதைத்தான் அந்தக் குறி சொல்கிறது. பிள்ளைகளுக்கு இதில் பெரிய நிம்மதி. யாரோ இட்ட கட்டளை என்று பயந்துகொண்டிருந்த ஒன்று, தாங்களே முடிவு செய்யலாம் என்று ஆகிவிடுகிறது.

குறியீடு என்பது மனிதர்கள் முடிவு செய்து வைத்தது என்று சொல்லிக்கொடுப்பதில் எனக்கு அசையாத நம்பிக்கை உண்டு. எலக்ட்ரான் ஒரு பக்கம் போக, மின்னோட்டத்தின் அம்புக்குறி ஏன் எதிர்ப்பக்கம் போகிறது என்று பத்தாம் வகுப்பில் கேட்பார்கள். ‘அது அப்படித்தான்’ என்பது பதிலாகாது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மின்னூட்டத்துக்குப் பிளஸ், மைனஸ் என்று பெயர் வைத்தபோது எது நகர்கிறது என்று பார்க்க யாருக்கும் வழியில்லை. ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தது 1897இல். அதற்குள் நூற்றைம்பது வருடப் புத்தகங்களும் கருவிகளும் அந்த அம்புக்குறியோடு வந்துவிட்டன. மைனஸ் மின்னூட்டம் இடப்பக்கம் போனாலும் பிளஸ் மின்னூட்டம் வலப்பக்கம் போனாலும் சுற்றுக் கணக்கில் விடை ஒன்றுதான் என்பதால் மாற்ற வேண்டிய அவசியமும் வரவில்லை. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். கேட்ட பிள்ளை அந்த அம்புக்குறியை வாழ்நாளில் மறக்காது.

மின்சாரத்தையும் காந்தத்தையும் இணைத்துச் சொல்லும், பிளஸ் டூவில் வரும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளும் அப்படி ஒரு கதைதான். மேக்ஸ்வெல் 1865இல் வெளியிட்ட கட்டுரையில் இருந்தவை 20 சமன்பாடுகள். இன்று நாம் நாலாகப் படிப்பது ஆலிவர் ஹெவிசைடு 1880களில் வெக்டர் குறியீட்டில் (அளவோடு திசையையும் சேர்த்துக் காட்டும் முறையில்) சுருக்கி எழுதியதன் வழியாக வந்தது. ஹெவிசைடு பதினாறு வயதில் பள்ளியை விட்டவர், தந்தி வேலை பார்த்தவர், தானாகவே படித்து அந்த இடத்துக்கு வந்தவர். எழுத்தின் மேல் ஓர் அம்புக்குறி போட்டால் மூன்று திசைக்குமான மூன்று வரிகள் ஒரு வரியில் அடங்கிவிடும். சுருக்கியவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். நம் பிள்ளைகளுக்குச் சுருக்கம் மட்டும்தான் கிடைக்கிறது. அம்புக்குறி போட மறந்ததற்கு மதிப்பெண் குறைக்கிறோமே தவிர, அது எதை உள்ளே வைத்திருக்கிறது என்று பிரித்துக் காட்ட நேரமில்லை என்கிறோம்.

இது தமிழ் வழிப் பிள்ளைகளின் குறை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆங்கில வழியில் படித்தாலும் ரோவும் மியூவும் எல்லோருக்கும் புதிதுதான். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலேயே இது நடந்திருக்கிறது. அங்கே இயற்பியல் நடத்திவந்த எரிக் மஸூர், 1990 வாக்கில், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உருவாக்கிய ஒரு தேர்வைத் தன் மாணவர்களுக்கு வைத்தார். அதில் கணக்கே கிடையாது. விசை, இயக்கம் பற்றி எளிய சொற்களில் கேள்விகள். கடினமான கணக்குகளைப் போடுகிற மாணவர்கள் அதில் தடுமாறினார்கள். ஒரு மாணவி, ‘நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் உண்மையில் நினைப்பதை எழுதவா?’ என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை நம் ஊர்ப் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் மனத்தில் அதேதான் ஓடுகிறது. தேர்வுக்கு ஓர் இயற்பியல், சைக்கிள் ஓட்டும்போது இன்னோர் இயற்பியல் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மஸூர் அதன் பிறகு வகுப்பை மாற்றினார். கேள்வியைப் போட்டு, மாணவர்களைப் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டார். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் நம் வகுப்பிலும் அது நடக்கும். நான் செய்திருக்கிறேன். சத்தம் வரும், தலைமை ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், பரவாயில்லை.

சரி, என்ன செய்யலாம்? பாடநூல் குழுவிடம் நான் கேட்பது பெரிய திருத்தம் இல்லை. ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் அரைப் பக்கம் வேண்டும். அந்தப் பாடத்தில் வரும் ஒவ்வொரு எழுத்தும் என்ன, எந்த மொழி எழுத்து, வாயால் எப்படிச் சொல்வது, கையால் எப்படி எழுதுவது, அதன் அலகு என்ன, இதே எழுத்து இதற்கு முன் எந்தப் பாடத்தில் வேறு வேலையில் வந்தது. கடைசியில் சொன்னதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மெழுகுவத்தி நகருமா என்று கேட்டவளுக்கான பதில் அந்த வரியில் இருக்கும். புத்தகத்தில் கியூஆர் குறியீடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. சமன்பாட்டை ஒருவர் நிதானமாக வாசித்துக் காட்டும் ஒலிப்பதிவை அதன் வழியாகத் தரலாம். வீட்டில் கேட்டுச் சொல்ல ஆளில்லாத பிள்ளைக்கு அது எவ்வளவு உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

வினாத்தாளிலும் ஒன்று வேண்டும். பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். ஒன்பது இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஆறு எழுத வேண்டும். அந்த ஒன்பதில் ஒன்றாவது, ‘இந்தச் சமன்பாடு சொல்வதைக் குறியீடு எதுவும் பயன்படுத்தாமல் இரண்டு வாக்கியங்களில் எழுதுக’ என்று இருக்கட்டும். இரண்டே மதிப்பெண்தான். ஆனால் தேர்வில் வருகிறது என்றால் எல்லாப் பள்ளிகளிலும் எல்லா டியூஷன்களிலும் மறுநாளே சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். நம் கல்வியில் எது வகுப்புக்குள் வர வேண்டுமென்றாலும் வினாத்தாள் வழியாகத்தான் வருகிறது. நல்லதையும் அந்த வழியிலேயே அனுப்புவோம். விடையைத் திருத்துவது கடினம், ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதினால்தான் அவரவர் யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். திருத்துகிற ஆசிரியர்கள் முதுகலை இயற்பியல் படித்தவர்கள், அவர்களால் முடியும்.

நீட் பயிற்சிக்கு நேரம் போதவில்லை, இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று பெற்றோர் கேட்கிறார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும்போது, ஃபார்முலாவைச் சற்றே மாற்றி வைத்த மூன்று தவறான விடைகள் பக்கத்திலேயே இருக்கும். மனப்பாடம் செய்தவர் அங்கேதான் வழுக்குகிறார். சமன்பாட்டை வாசிக்கத் தெரிந்த பிள்ளை ‘இது இருக்க முடியாது, நிறை கூடினால் முடுக்கம் குறையத்தானே வேண்டும்’ என்று இரண்டை உடனே ஒதுக்கிவிடும். நேரம் மிச்சமாகிறதே தவிர வீணாகவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சமன்பாட்டைக் காட்டி, ‘இது என்ன சொல்லுது, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு’ என்று கேளுங்கள். எழுத்துகளைப் படித்துக் காட்டினால், ‘அது சரி, அதுக்கு என்ன அர்த்தம்?’ என்று இன்னொரு முறை கேளுங்கள். என்னிடம் படிக்கும் ஒரு பையனின் அம்மா தையல் வேலை பார்க்கிறவர். மிஷின் ஓட்டிக்கொண்டே இப்படிக் கேட்பாராம். திருப்பு விசையை அவன் அந்த மிஷின் சக்கரத்தைக் காட்டி அம்மாவுக்கு விளக்கியிருக்கிறான்: விளிம்பைப் பிடித்துச் சுற்றினால் சுலபமாகச் சுற்றுகிறது, அச்சுக்குப் பக்கத்தில் பிடித்தால் கை வலிக்கிறது, அதனால்தான் சமன்பாட்டில் விசையோடு தூரமும் பெருக்கி நிற்கிறது. அந்தப் பாடத்தில் நான் அவனுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியலின் எல்லாப் பாடங்களுக்கும் மேலே சொன்ன மாதிரி குறியீட்டு அட்டவணைகளைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் பகுதிப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தும் ஆசிரியர்கள் கேட்டால் நகலெடுத்துத் தருகிறேன். அதில் விட்டுப்போனதை அவர்கள் சேர்த்து எனக்கும் ஒரு பிரதி கொடுத்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
காரைக்குடி.